‘ஸ்லே தி ஸ்பையர்’: நல்ல கார்டு எடுத்தும் ஏன் தோற்கிறோம்?

‘ஸ்லே தி ஸ்பையர்’ ஆடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான்: கண்ணில் படுகிற கார்டையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்வது.

மெகா கிரிட் நிறுவனத்தின் இந்த கேம் 2019-ல் முழுமையாக வெளியானது. இப்போது ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கிறது. அரக்கர்களோடு மோதி, மாயக் கோபுரத்தில் ஏற வேண்டும். ஆயுதம், சீட்டுக்கட்டு. செத்தால் சேர்த்ததெல்லாம் போச்சு, மறுபடி அடியிலிருந்து!

முதல் வீரன் ‘அயர்ன்கிளாட்’டுக்கு 10 கார்டுகள். அடிக்க 5, தடுக்க 4, ‘பேஷ்’ என்ற பலமான கார்டு 1. ஒவ்வொரு சுற்றிலும் 5 கார்டு கைக்கு வரும். செலவழிக்க 3 எனர்ஜி. எதிரி அடுத்து அடிக்கப்போகிறானா, பதுங்கப்போகிறானா என்பது அவன் தலைக்கு மேலேயே தெரிந்துவிடும்.

சாதாரணச் சண்டையில் ஜெயித்தால் 3 கார்டுகளைக் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்லும். வேண்டாம் என்றும் சொல்லலாம். இங்கேதான் கணக்கு இருக்கிறது. 10 கார்டு கட்டில் ‘பேஷ்’ 2 சுற்றுக்கு ஒருமுறை கைக்கு வரும். கட்டு 30 ஆகிவிட்டால் 6 சுற்றுக்கு ஒருமுறைதான். பல சண்டைகள் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அதனால்தான் கடையில் 75 தங்கம் கொடுத்து, இருக்கிற கார்டு ஒன்றைத் தூக்கிப் போடுகிறார்கள். (ஒவ்வொரு முறையும் விலை ஏறும் என்பது வேறு விஷயம்.)

அதற்காக எதையுமே எடுக்காமலும் போக முடியாது. முதல் கட்டத்தில் வரும் ‘கிரெம்லின் நாப்’ ஒரு கர்ஜனை விடுவான். அதற்குப் பிறகு நாம் போடும் ஒவ்வொரு தடுப்பு கார்டுக்கும் அவன் பலம் கூடும். வேகமாக அடித்துச் சாய்க்காவிட்டால் கதை முடிந்தது. எனவே ஆரம்பத்தில் நல்ல அடி கார்டு இரண்டு, மூன்று சேர்த்துவிட்டு, பிறகு கஞ்சத்தனம் காட்டுவதே நல்லது.

சித்திரங்கள் சுமார் ரகம். போனில் கார்டு எழுத்துகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அதிர்ஷ்டமும் சில நேரம் கவிழ்க்கும். ஆனால், ஒருமுறை காசு கொடுத்தால் போதும், விளம்பரத் தொல்லை இல்லை. ‘சும்மா இருக்கட்டும்’ என்று எடுத்த கார்டுதான் தோற்கடித்தது என்பது ஆட்டம் முடிந்ததும் பளிச்சென்று புரியும். கொடுக்கிற காசுக்குத் தாராளமாக வாங்கலாம். முதல் ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்த வீராங்கனை ‘சைலன்ட்’ திறந்துவிடுவாள்.