மூச்சை ஒப்படைக்கும் முன்: ரீப்ரீதர் பயிற்சிக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை

மொனராகலை நகரின் ஊடாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்பை அடைகிறது. மட்டக்களப்புக்கு அப்பால் கடலில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. மாண்டவர்கள் 307 பேர். அந்தக் கப்பலைப் பார்க்க வெளிநாட்டுச் சுழியோடிகள் வருகிறார்கள். அவர்களில் சிலர் ரீப்ரீதர் கருவியோடு இறங்குகிறார்கள்.

அவர்களைச் சுற்றிப் படகு வேலை, சிலிண்டர் நிரப்பும் வேலை, வழிகாட்டி வேலை என்று ஒரு தொழில் நடக்கிறது. ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிழக்குக் கரை தூரமில்லை. “கோர்ஸ் ஒன்று போட்டுத் தருகிறோம், பிறகு டொலரில் உழைக்கலாம்” என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

கருவி என்ன செய்கிறது?

சாதாரண ஸ்கூபாவில் வெளிவிடும் மூச்சு குமிழியாகக் கடலில் கலந்துவிடும். ரீப்ரீதரில் அது வெளியே போகாது. சோடா சுண்ணாம்பு நிரப்பிய பெட்டி ஒன்று மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கொள்ளும். உடல் செலவழித்த ஒட்சிசனைக் கருவி ஈடு செய்யும். அதே வாயுவைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கலாம். 50 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் ஆறு மடங்கு என்பதால், ஸ்கூபா சிலிண்டரும் ஆறு மடங்கு வேகத்தில் காலியாகும். ரீப்ரீதரின் கவர்ச்சி இங்குதான் இருக்கிறது.

ஆபத்தும் இதே சுற்றில்தான் இருக்கிறது. மூச்சுத் திணறல் என்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு அல்ல, காபனீரொட்சைட்டின் பெருக்கம். அதைத்தான் பெட்டி உறிஞ்சிவிடுகிறதே! ஆகவே ஒட்சிசன் விநியோகம் நின்றுபோனாலும் எந்தத் தவிப்பும் தெரியாமல் ஆள் மயங்கிப்போவார். ஒட்சிசன் அளவுக்கு மிஞ்சினால் வலிப்பு வரும், வாயிலிருந்து குழாய் நழுவும், நீரில் மூழ்குவார். சுண்ணாம்பு பழசானால் அல்லது சரியாக அடைக்கப்படாவிட்டால் காபனீரொட்சைட்டு ஏறித் தலையிடியும் பதற்றமும் வரும். தண்ணீர் புகுந்தால் காரக் கரைசல் வாய்க்கே வந்து சுடும்.

1998 முதல் 2010 வரை உலகில் பதிவான 181 ரீப்ரீதர் மரணங்களை ஆராய்ந்து 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று, சாதாரண ஸ்கூபாவைவிட இதில் மரண அபாயம் ஏறத்தாழ 10 மடங்கு என மதிப்பிட்டது. கருவி கெட்டுப்போவது ஒரு பக்கம் இருக்க, பரிசோதனையைத் தவிர்த்ததும் எச்சரிக்கையை அலட்சியம் செய்ததும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. அந்தப் பழக்கங்களை ஊட்டுபவரோ முறிப்பவரோ பயிற்றுவிப்பாளர்தான்.

நிறுவனப் பெயர் போதுமா?

போதாது. பாடி, எஸ்எஸ்ஐ, டிடிஐ, ஐஏஎன்டிடி, ரெய்ட் போன்றவை பாடத்திட்டம் வகுத்துச் சான்றிதழ் அட்டை வழங்கும் சர்வதேச அமைப்புகள். உங்களோடு நீரில் இறங்குபவர் பெரும்பாலும் அவற்றின் ஊழியர் அல்ல. அந்த அமைப்பில் உறுப்புரிமை பெற்றுத் தனியாகத் தொழில் செய்பவர். ஒரே அமைப்பின் கீழ் சிறந்தவரும் இருப்பார், அவசரக்காரரும் இருப்பார்.

இன்னொன்று, ரீப்ரீதர் சான்றிதழ் குறிப்பிட்ட ஒரு மாதிரிக் கருவிக்கே செல்லும். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தோடு பஸ் ஓட்ட முடியாதது போல, ஒரு கருவியில் பயின்றவர் வேறு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கக்கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்:

1. உங்கள் பயிற்றுவிப்பாளர் இலக்கம் என்ன? இந்த ஆண்டுக்குப் புதுப்பித்ததா? (அமைப்பின் இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.)
2. நான் பயிலப்போகும் இதே கருவிக்கு உங்களுக்குக் கற்பிக்கும் தகுதி உண்டா? நீங்களே அதில் அடிக்கடி இறங்குகிறீர்களா?
3. ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்? இரண்டு, மூன்றுக்கு மேல் என்றால் யோசியுங்கள்.
4. ஒட்சிசன் உணரிகள் எப்போது மாற்றப்பட்டன? சுண்ணாம்பு எத்தனை மணி நேரம் பாவிக்கப்பட்டது என்ற பதிவேடு எங்கே?
5. கருவி பிழைத்தால் மேலே வர மாற்றுச் சிலிண்டர் எனக்குத் தனியாக உண்டா?
6. நான் சித்தியடையாவிட்டால் என்ன நடக்கும்? “எல்லோரும் பாஸ்தான்” என்ற பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இயன்றால் ஒரு காலை போய் வேடிக்கை பாருங்கள். நல்லவர் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போவார். படகில் ஏறி உட்கார்ந்து, மூக்கை அடைத்து, ஐந்து நிமிடமளவில் கருவியில் மூச்சுவிட்டபடி அதன் திரையை விட்டுக் கண் எடுக்காமல் இருப்பார். படகோட்டி அவசரப்படுத்தினாலும் எழும்பமாட்டார்.

நீச்சல் தெரிந்த கையோடு ரீப்ரீதர் கற்க முடியாது. முதலில் சாதாரண ஸ்கூபா, பிறகு நைட்ரொக்ஸ் எனும் ஒட்சிசன் கூட்டிய வாயுக்கலவைப் பயிற்சி, அதன்பின் பதிவேட்டில் ஏறிய சில பத்துச் சுழியோட்டங்கள் வேண்டும். முதல் நிலைச் சான்றிதழோடு ஹேர்மிஸின் ஆழத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்பவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்.

மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

ஊவாக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டியது இது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் முழுதாக வெளியேற நேரமெடுக்கும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம் வரை கொண்டுவரும். ஒரு முறை இறங்கினால் 12 மணித்தியாலம், பலமுறை இறங்கினால் 18 மணித்தியாலம், கட்டாய நிறுத்தங்களோடு ஏறும் ஆழ்கடல் சுழியோட்டமானால் அதைவிடக் கூடிய நேரம் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். சுமார் 600 மீற்றருக்கு மேலான மலைப் பயணத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மொனராகலை நகரம் தாழ்வான இடம். ஆனால் பதுளை சுமார் 680 மீற்றர், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். மாலையில் செங்கலடியில் பஸ் ஏறி பிபிலை, லுணுகலை, பசறை வழியாக வீட்டுக்கு வருவது சாதாரண விஷயமாகத் தோன்றும். “இன்றிரவு எங்கே தங்குகிறாய்?” என்று கேட்காத பயிற்றுவிப்பாளர் வேலை தெரிந்தவரல்ல.

அறிகுறி தெரிந்தால் ஆளைப் படுக்க வைத்துத் தூய ஒட்சிசன் கொடுங்கள். திரும்ப நீரில் இறக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. மலைப்பாதையால் ஊருக்குக் கொண்டுவருவது நிலைமையை மோசமாக்கும்.

ஏமாந்தால், காயப்பட்டால்

கையெழுத்துக் கேட்கும் ஆங்கிலப் பத்திரத்தை விளங்காமல் ஒப்பமிடாதீர்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு பற்றிய மருத்துவப் படிவத்தில் வேலைக்காகப் பொய் எழுதாதீர்கள். “எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்ற வரியைக் கண்டு உரிமை போய்விட்டதாகவும் எண்ணவேண்டாம். அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் உள்ள பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் கழற்றிவிட முடியாதபடி 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் தடுக்கிறது.

பணம் வாங்கிவிட்டுப் பயிற்சி தராவிட்டால், அல்லது தரமற்று நடத்தினால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. பயிற்றுவிப்பாளரின் நடத்தை பற்றி அவரது சர்வதேச அமைப்பின் தரக் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதினால் கற்பிக்கும் உரிமையை நிறுத்தும் அதிகாரம் அதற்கு உண்டு. சுற்றுலா நிலையம் பற்றி இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் முறையிடலாம். காயத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கு இரண்டு வருடத்துக்குள் தொடரப்பட வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது விபத்து நேர்ந்தால் தொழிலாளர் நட்டஈட்டுக்கும் உரித்து உண்டு, “இலவசக் கோர்ஸ்” என்ற பேச்சில் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் கடதாசிதான். பற்றுச்சீட்டு, பயிற்றுவிப்பாளர் இலக்கம், பதிவேட்டுப் பக்கம், குறுஞ்செய்திகள் யாவற்றையும் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுக்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.