சாக்லேட் உறையில் 476: பன்றிக் கொழுப்பா, ஆமணக்கு எண்ணெயா?

உணவுப் பொட்டலங்களில் உள்ள எண்களைப் பற்றிய ஒரு பட்டியல் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. 'இந்த எண்கள் இருந்தால் அது பன்றிக் கொழுப்பு' என்று எச்சரிக்கும் அந்தப் பட்டியலில் 476 என்ற எண்ணும் இடம்பெறுவதுண்டு. அதை நம்பி, பிள்ளையின் கையிலிருக்கும் சாக்லேட்டைப் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். எதையுமே பார்க்காமல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஹலாலைத் தேடி உண்பது நம் கடமை. அதேபோல, விசாரிக்காமல் ஒரு பொருளை ஹராம் என்று பரப்புவதும் தவறு.

476 என்பது என்ன?

இதன் முழுப்பெயர் பாலிகிளிசரால் பாலிரிசினோலியேட். பெயரின் பிற்பகுதியில் இருப்பது 'ரிசினோலிக் அமிலம்'. நம் வீட்டு விளக்கெண்ணெயில், அதாவது ஆமணக்கு எண்ணெயில், ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும் கொழுப்பு அமிலம் அதுதான். வேறெந்த சமையல் எண்ணெயிலும் இது இந்த அளவுக்கு இல்லை. ஆமணக்கு உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. அதில் பெரும்பங்கு குஜராத்துக்கு.

மற்ற எண்ணெய்களின் அமிலங்களில் இல்லாத ஒரு 'ஹைட்ராக்சில்' தொகுதி இந்த அமிலத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கெண்ணெய் அவ்வளவு பிசுபிசுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். அந்த இடத்தைப் பிடித்து ஓர் அமில மூலக்கூறை இன்னொன்றோடு சங்கிலிபோல் கோக்கலாம். அப்படிக் கோத்ததைக் கிளிசராலோடு இணைத்தால் கிடைப்பதே 476.

உருகிய சாக்லேட் அச்சில் எளிதாக ஓடிப் பரவ வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கோகோ வெண்ணெயைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். 476 சிறிதளவு சேர்த்தால், குறைந்த கோகோ வெண்ணெயிலேயே அது நடந்துவிடும்.

ஹலாலா?

ரிசினோலிக் அமிலம் தாவரத்திலிருந்து வருவது, அதில் ஐயமில்லை. கவனிக்க வேண்டியது மறுபாதியான கிளிசராலை. அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பெட்ரோலியத்திலிருந்தும் வரலாம். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஹராம் என்றோ ஹலால் என்றோ சொல்லிவிட முடியாது.

இந்தியாவில் விற்கும் பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை தவிர விலங்கிலிருந்து பெற்ற எதுவும் அதில் இல்லை என்று பொருள். ஆனால் அந்தப் புள்ளி மதுவைப் பற்றி எதுவும் சொல்லாது. மது கலந்த சாக்லேட்டுகளும் உண்டு என்பதால் உள்ளடக்கப் பட்டியலையும் வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் சாக்லேட்டில் பச்சைப் புள்ளி இருக்காது. அங்கே ஹலால் முத்திரையைத் தேடுங்கள். ஐயம் தீராவிட்டால் உற்பத்தியாளரிடமும் ஆலிம்களிடமும் கேட்டுத் தெளியுங்கள்.

எவ்வளவு உண்ணலாம்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் இதை மறு ஆய்வு செய்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 500 மில்லிகிராம். அங்கே ஒரு கிலோ சாக்லேட்டில் அதிகபட்சம் 5 கிராம் சேர்க்கலாம். ஆகவே உச்ச அளவில் சேர்த்திருந்தாலும், 100 கிராம் சாக்லேட் தின்றால்தான் அந்த எல்லையைத் தொடும். அதற்கு முன்பே கவலைப்பட வேண்டியது அதிலுள்ள சர்க்கரையைப் பற்றி!

விளக்கெண்ணெய் குடிப்பவர்கள் கவனிக்க

இதே அமிலம்தான் பேதிக்கும் காரணம். விளக்கெண்ணெயைக் குடித்தால், சிறுகுடலில் அது உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிப்படுகிறது. குடல் தசையிலுள்ள 'இபி3' என்ற ஏற்பியை அது தூண்டுவதை 2012-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் வேலை செய்கிறது. எனவே கர்ப்பிணிகள் 'வயிறு சுத்தமாகும்', 'வலி சீக்கிரம் வரும்' என்று யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கவே கூடாது.

கைக்குழந்தைக்கு வாயிலோ மூக்கிலோ எண்ணெய் ஊற்றும் வழக்கத்தையும் உம்மாமார் விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஆமணக்கு விதையோ கொடிய விஷம். அதிலுள்ள 'ரிசின்' என்ற நச்சுப்புரதம், முறையாகச் சூடாக்கிப் பிழிந்த எண்ணெயில் இருப்பதில்லை. ஆனால் விதையைப் பிள்ளைகள் மென்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற பயன்கள்

ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படும் அன்டிசைலெனிக் அமிலம் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பாகிறது. உளூச் செய்தபின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்திவிட்டுக் காலுறை அணிந்தால் அந்தப் புண்ணைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சிங்க் ரிசினோலியேட் வியர்வை நாற்றத்தைப் பிடித்துவைப்பதால், ஆல்கஹால் இல்லாத டியோடரன்ட்களில் சேர்க்கப்படுகிறது.

அடுத்த முறை அந்தப் பட்டியல் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை எடுத்துச் சொல்லுங்கள். நாம் உண்பதையும் பரப்புவதையும் தூய்மையானதாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக!