காவற்றொழிலும் கிறித்தவ அறமும்

காவல் என்பது தமிழில் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. நாடு காத்தலும் ஊர் காத்தலும் நெறி காத்தலும் அச்சொல்லாற் குறிக்கப்பெறும். மதுரைக்காஞ்சி நள்ளிரவில் ஊர் காக்கும் மறவரை நமக்குக் காட்டுகின்றது. சோழர் கல்வெட்டுக்களிற் பயிலும் பாடிகாவல் என்னும் தொடரோ, காக்கும் தொழிலோடு அதன்பொருட்டுக் குடிகள் இறுத்த இறையையும் உணர்த்தும். காப்பதும் பெறுவதும் ஒரு சொல்லிலேயே அடங்கியிருத்தல் கருதத்தக்கது. காப்போன் கையிற் கோலுண்டு. காக்கப்படுவோன் கையிற் பொருளுண்டு. இவ்விரண்டும் எதிர்ப்படுமிடத்து எழும் அறச்சிக்கலைக் கிறித்தவ மறை எவ்வாறு நோக்கிற்று, அந்நோக்குத் தமிழகத்தில் எவ்வாறு சோதனைக்குள்ளாயிற்று என்பன ஈண்டு ஆராயப்பெறும்.

இருவேறு கட்டளைகள்

கிறித்தவ மறையுள் இப்பொருள் பற்றி முரண்படுவன போலத் தோன்றும் இரு கட்டளைகள் உள. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுபெருமான் தீமையை எதிர்த்து நில்லாதிருக்குமாறு பணிக்கின்றார். உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் பவுலடியாரோ, ஆள்வோன் வாளேந்துவது வீணன்று என்றும், அவன் தீமை செய்வோரை ஒறுக்கும் கடவுளின் பணியாளன் என்றும் கூறுகின்றார். முன்னதை மட்டும் கொள்வோர்க்குக் காவற்றொழிலே ஆகாத தொழிலாகிவிடும். பின்னதை மட்டும் கொள்வோர்க்குக் காவலன் செய்வன யாவும் இறைப்பணியாகிவிடும். இரண்டும் இடர் பயப்பனவே.

இச்சிக்கலைப் பண்டைச் சபையறிஞர் நன்குணர்ந்திருந்தனர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்பார், கிறித்தவர் படைத்தொழில் மேற்கொள்ளல் தகுமோ என ஐயுற்று, தகாது என்னும் பக்கமே நின்றார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயராயிருந்த அகுஸ்தீனார் வேறு நெறி கண்டார். அவருடைய குருமார் ஒருவரைக் கொன்றும் மற்றொருவரின் கண்ணைத் தோண்டியும் கொடுமை செய்தோர் பிடிபட்டபோது, அவர்களை உசாவிய மார்செல்லினுஸ் என்னும் அரசு அலுவலருக்கு அவர் ஒரு மடல் விடுத்தார். குற்றவாளிகளைக் கொல்லற்க, உறுப்புக் குறைத்தற்க என்பது அம்மடலின் வேண்டுகோள். இழுபொறியும் இரும்புக் கொக்கியும் தீயும் இன்றி உண்மை வெளிப்படுத்தப்பட்டமையை அவர் அதன்கண் பாராட்டவும் செய்தார். ஆயினும் அங்குப் பிரம்படி கையாளப்பட்டிருந்தது. அதனை அகுஸ்தீனார் கடிந்திலர். தன் மக்களைக் கொன்றவர்க்காக இரந்து நின்ற அருளுள்ளமும், அடித்து வாக்குமூலம் பெறுதலை ஏற்றுக்கொண்ட கால எல்லையும் ஒரே மடலில் அமைந்துள்ளன. பிற்காலத்தார் இவ்விரண்டையும் மறவாதிருத்தல் வேண்டும்.

யோவான் கூறிய விடை

காவற்றொழிலர் தாமே வினவி விடைபெற்ற இடம் ஒன்று லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. திருமுழுக்கு யோவானிடம் முதலில் வரி தண்டுவோர் வந்தனர். விதித்த அளவுக்கு மேல் தண்டற்க என்றார் அவர். அடுத்துப் படைஞர் வந்து, நாங்கள் செய்யத்தக்கது யாது என்றனர். யாரிடத்தும் வன்முறையாற் பொருள் பறியாமை, பொய்க்குற்றம் சாட்டாமை, பெறும் ஊதியத்தில் அமைதல் என்னும் மூன்றும் அவர்க்கு விடையாயின. படைக்கலத்தை எறிந்துவிடுக என அவர் கூறிற்றிலர் என்பது முதற்கண் நோக்கத்தக்கது.

கிரேக்க மூலத்தின் சொற்கள் இன்னும் தெளிவு தருவன. பறித்தலைக் குறிக்கும் தியசெயோ என்னும் வினைக்குப் பிடித்துக் குலுக்குதல் என்பதே நேர்பொருள். இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவ்வாறே குலுக்குதற் பொருளுடைய வினையால் அதனைப் பெயர்த்தது. அவ்வினையடியாகப் பிறந்த கொங்குஸ்ஸியோ என்பது, பதவியைக் காட்டி அச்சுறுத்திப் பொருள் பறிக்கும் குற்றத்திற்கு உரோமைச் சட்டத்தில் வழங்கிய பெயராகும். இரண்டாவதாகிய பொய்க்குற்றம் சாட்டுதலைக் குறிக்கும் வினை, ஆதென்சு நகரில் ஊதியங் கருதிப் பிறர்மேற் குற்றஞ் சுமத்தித் திரிந்தோரின் பெயரடியாகப் பிறந்தது. புதிய ஏற்பாடு முழுமையிலும் அது ஈரிடங்களிலேயே வருகின்றது. ஒன்று இவ்விடம், மற்றொன்று, வரி தண்டுவோர் தலைவனாகிய சக்கேயு தான் பறித்ததை நான்மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறுமிடம். மூன்றாவதாகிய ஊதியத்தைக் குறிக்கும் ஒப்சோனியன் என்னும் சொல், படைஞர்க்கு உணவின்பொருட்டு அளிக்கப்பட்ட பொருளை முதலிற் குறித்தது. தமிழில் அளவுப்பெயராகிய படி, ஊழியர் பெறும் படியைக் குறித்தலோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது.

இவற்றால் அறியப்படுவது ஒன்றுண்டு. மூன்று கட்டளைகளும் தொடர்பற்ற மூன்று அறங்கள் அல்ல. படி போதாதவன் பறிக்கின்றான். பறித்தற்குக் கருவியாகப் பொய்க்குற்றத்தைக் கையாள்கின்றான். ஒரு தீமையின் வேரும் கிளையும் கருவியுமே அங்குக் காட்டப்பட்டன. வரி தண்டுவோரும் படைஞரும் அடுத்தடுத்து நின்று வினவியதும் பொருள் பொதிந்ததே. கோலொடு நின்று குடிகளை இரக்கும் வேந்தனை வேலொடு வழிநிற்கும் கள்வனுக்கு ஒப்பிட்ட வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில் இத்தீமையையே சுட்டினார். குற்றங் கடிதல் வேந்தனுக்கு வடுவன்று, தொழிலே எனச் செங்கோன்மையில் வரையறுத்தவரும் அவரே. தொழிலை ஏற்று அதன்கண் உள்ள பறித்தலை விலக்கும் நெறியில் இரு மரபுகளும் ஒன்றுகின்றன.

சென்னை மாகாணத்திற் சோதனை

இந்நெறி தமிழ் மண்ணில் மிகக் கடுமையான சோதனைக்குள்ளான காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1816 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைக்குப் பின், சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டுதலும் ஊர்க்காவலும் தாசில்தார் என்னும் ஓர் அலுவலரின் கீழேயே இருந்தன. வரி கொடாதவனை வருத்தும் கையும், குற்றம் சாட்டப்பட்டவனை உசாவும் கையும் ஒன்றாயின. இதுபற்றிய முறையீடுகள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் 1854 இல் எழுந்தன. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அதன்முன் வந்த முறையீடுகள் 1,959. அவ்வாணையத்தின் 1855 ஆம் ஆண்டு அறிக்கை, வரியின்பொருட்டும் வாக்குமூலத்தின்பொருட்டும் வதைத்தல் நடைபெற்றதை உறுதிப்படுத்திற்று.

அவ்வறிக்கையில் ஆங்கில எழுத்திற் பொறிக்கப்பட்ட நம் நாட்டுச் சொற்கள் இரண்டு தமிழாராய்வார் உள்ளத்தைச் சுடுவன. ஒன்று கிட்டி, விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கருவி. மற்றொன்று அண்ணாந்தாள், கழுத்தின்மேலும் கால்விரல்களின் கீழும் கயிற்றைச் செலுத்திக் குனிந்த நிலையிற் கட்டிவைத்தல். அதிகாரிகளின் ஆங்கிலத்திற் பெயரில்லாதவாறு, இவை நம் குடிகளின் அன்றாட வழக்கிற் பெயர்பெற்று நிலைத்திருந்தன.

ஈண்டு ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்காலத்து மேலாட்சி செய்தோர் கிறித்தவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோரே. வதைத்தோர் பெரும்பாலும் இந்நாட்டுக் கீழலுவலர். வதையால் ஈட்டிய வரி சென்று சேர்ந்ததோ கும்பினியின் கருவூலம். ஊதியம் குறைந்த சேவகனின் கையிற் கோலையும் வரிக்கணக்கையும் ஒருங்கு கொடுத்துவிட்டு, அவன் பறிக்கும்போது அவனை மட்டும் பழித்தல் யோவான் கூறிய மூன்றனுள் மூன்றாவதை மறந்த செயலாகும். சமயப் பெயர் வேறு, சமய அறம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வேதநாயகர் கண்ட வழி

ஆணையம் உசாவிய அந்நாளில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் குளத்தூரிற் பிறந்த ச. வேதநாயகம் பிள்ளை (1826-1889). கத்தோலிக்க நெறியினராகிய அவர் 1857 இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றார். பின்னர் மாயூரத்தில் நெடுநாள் நடுவராயிருந்து 1872 இல் ஓய்வு பெற்றார். அவர்தம் நீதிநூல் வெளிவந்தது 1859 இல். காவற்றுறையை வரித்துறையினின்றும் பிரித்தமைத்த சென்னை மாகாணத்தின் 24 ஆம் சட்டமும் அவ்வாண்டினதே.

நீதிநூலுள் ஆள்வோர் இயல்பும் குடிகளின் இயல்பும் பேசப்படுகின்றன. கைக்கூலிக்குத் தனியிடம் தரப்பட்டுள்ளது. எச்சமயத்தாரும் ஏற்குமாறு அறத்தைப் பொதுமையில் நிறுத்தினார் ஆசிரியர். நடுவர்முன் வருவோர் பல சமயத்தாராதலின், நடுவன் எழுதும் அறநூலும் அனைவர்க்கும் பொதுவாதல் தக்கதே. அவர் அறவுரையோடு அமைந்தாரல்லர். 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புக்களைத் தமிழிற் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) ஞானாம்பாள் வாயிலாக, மக்கள் அறியா மொழியில் வழக்குரைக்கும் கொடுமையைக் கண்டித்தார். சட்டம் அறியாதவனைக் குலுக்குதல் எளிது. அறிந்தவனைக் குலுக்குதல் அரிது. ஆதலின் சட்டத்தைத் தமிழாக்குதலும் ஒரு காவற்பணியே எனல் பொருந்தும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காவற்றொழில் பற்றிய கிறித்தவ அறம் தொழிலைத் துறக்குமாறு பணியாது, தொழிலின்கண் உள்ள பறித்தலைத் துறக்குமாறு பணிக்கின்றது என்பது பெறப்படும். அது தனியொருவன் மனச்சான்றில் மட்டும் நிலைபெறாது என்பதனை 1855 ஆம் ஆண்டறிக்கை காட்டிற்று. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் விதி 1861 ஆம் ஆண்டுக் குற்றநடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவாயிற்று. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சான்றுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவிலும் அது தொடர்கின்றது. அவ்விதி இன்றும் வேண்டப்படுவதே, கோலின் இயல்பு மாறவில்லை என்பதற்குச் சான்று. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தை மாற்றுவது அறமே.

திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைக்காவலன் ஒருவன் காணப்படுகின்றான். அடியுண்ட கைதியரின் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அவன். அவ்விரவிலேயே அவர்தம் புண்களைக் கழுவியவனும் அவனே. அதன்பின் அவன் தன் வேலையை விட்டு நீங்கினான் என அந்நூல் கூறவில்லை. புண்ணைக் கழுவிய அக்கையே சிறையின் திறவுகோலையும் ஏந்திநிற்றல் கூடும் என்பதே கிறித்தவ அறம் காவலர்மேற் கொண்ட நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்யாவது, காவலிற் கிடப்பவன் உடலில் ஊறு இல்லாமையால் அறியப்படும்.