பிக்கப் வேனை இறக்கி அலாய் வீல் போடுறீங்களா? டயர் நம்பரை பார்த்துக்குங்க!

பழைய பிக்கப் வேனை வாங்கி, பாடியை தரையோடு இறக்கி, பெரிய அலாய் வீல் மாட்டி ஓட்ட ஆசைப்படும் வாலிபர்கள் உண்டு. பார்க்க கெத்துதான். ஆனால் டயர் சைஸ் தப்பினால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

டயரில் 215/75 ஆர்15 என்று இருந்தால், 215 மில்லி மீட்டர் என்பது அகலம். அதில் 75 சதவீதம் பக்கச்சுவர் உயரம். 15 இஞ்ச் என்பது ரிம் அளவு. இந்த டயரின் மொத்த உயரம் சுமார் 704 மி.மீ.

ரிம் பெரிசானால் பக்கச்சுவர் குறையணும். 225/60 ஆர்17 போட்டால் மொத்த உயரம் சுமார் 702 மி.மீ. அதாவது கிட்டத்தட்ட பழைய அளவேதான். இதை விட உயரமாக போட்டால் ஸ்பீடா மீட்டர் காட்டுவதை விட வண்டி வேகமாக ஓடும். இறக்கிய வண்டியில் டயர் மட்கார்டிலும் உரசும்.

சைஸ் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உள்ள லோடு நம்பர்தான் முக்கியம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோதான். பின்பக்கம் இரண்டு டயருக்கும் சேர்த்து 370 கிலோ தாங்கும் சக்தி போச்சு! அதே பழைய லோடை ஏற்றினால் டயர் சூடேறி நடுரோட்டில் வெடிக்கலாம்.

மாட்டியதும் லோடு ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா ஒடித்து பாருங்க. எங்கேயும் உரசக்கூடாது.

இன்னொரு விஷயம். கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்ற, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. அதனால் காசை கொட்டும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.