கட்டிலுக்கடியில் கிடக்கும் மெஷின்

யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரம் நன்றாகப் பால் விடும். அந்த வேலைக்குப் போகிறவர் இருட்டிலேயே எழும்ப வேண்டும். எழும்பும்போதே தலை கனக்கிறது, வாய் வறண்டு கிடக்கிறது, வெட்டுக் கத்தியைப் பிடித்தால் கண் சொருகுகிறது என்று அவர் சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். "ராவெல்லாம் நல்லாத்தானே தூங்கினீங்க, கொறட்ட அடுத்த காம்பரா வரைக்கும் கேட்டுச்சே" என்பார்கள்.

லயத்தில் குறட்டை ஒரு வீட்டுக்குள் அடங்கும் சங்கதி இல்லை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பல இடங்களில் அதுவும் கூரை வரை எட்டாது. ஆனாலும் அந்தச் சத்தத்தை அசந்த தூக்கத்தின் அடையாளமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். சத்தம் திடீரென்று நின்றுபோகிறதே, அங்கேதான் காது வைத்துக் கேட்க வேண்டும்.

குறட்டை நிற்கும் இடம்

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை மூடிவிடும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறைய மூளை பதறி உடம்பை எழுப்பும். பெரிய திணறலோடு மூச்சு திரும்பும். எழும்பியது அவருக்கே நினைவிருக்காது.

இப்படிப் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதும் மணித்தியாலத்துக்கு 5 தடவையை எட்டினால் நோய் என்று கணக்கு. 15ஐ எட்டினால் நடுத்தரம், 30ஐ எட்டினால் கடுமை. 30 என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ தட்டி எழுப்புகிற மாதிரி. அப்படி இரவைக் கழித்தவரின் கையில்தான் காலையில் வெட்டுக் கத்தியும் கொழுந்து லொறியின் சாவியும் போகின்றன.

மருந்துக்கு அடங்காத பிரஷர், காலைத் தலைவலி, உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வது எல்லாம் இந்த நோயோடு சேர்ந்து வருபவை. நடுராத்திரியில் மூச்சு முட்டி எழும்புவதை அமுக்குவான் பிசாசு என்று சொல்லிக் கையில் நூல் கட்டிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. நூல் இருக்கட்டும், வைத்தியரிடமும் போங்கள். மெலிந்தவர்களுக்கு இது வராது என்று நினைப்பதும் தவறு. தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும்.

பசை போட்டு ஒட்டிய மாஸ்க்

இந்த நோய்க்கான முதன்மைச் சிகிச்சை சீபேப் மெஷின். அறைக் காற்றையே இழுத்து, மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பும். அந்தக் காற்று தொண்டைக்குள் முட்டுக் கொடுத்த மாதிரி நின்று, பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஒட்சிசன் சிலிண்டரும் இல்லை, மருந்தும் இல்லை, வெறும் காற்று.

1980இல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற வைத்தியர் இதை முதன்முதலில் செய்து பார்த்தார். அதுவரை கடுமையான நோயாளிக்கு இருந்த நம்பகமான வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. அந்த ஆரம்ப காலத்தில் காற்றை ஊத தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார் பயன்பட்டது. மாஸ்க்கோ ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்யப்பட்டு, இரவுதோறும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டப்பட்டது. காலையில் பிய்த்தெடுக்க வேண்டும்.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் நாளிலிருந்தே இந்தச் சிகிச்சையின் கஷ்டமான பாகம் மாஸ்க்தான். நாற்பது வருடத்தில் மெஷின் சிறுத்துச் சத்தமும் அடங்கிவிட்டது. ஆனால் பலர் சிகிச்சையையே கைவிடுவது இன்றும் மாஸ்க்கால்தான். கண்ணுக்குள் காற்றடிக்கிறது, மூக்குத்தண்டு புண்ணாகிறது, மூச்சு அடைக்கிற பயம் வருகிறது என்று ஒரு வாரம் போராடிவிட்டு மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். "எனக்கு அது ஒத்துக்கல" என்று முடித்துவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது அந்த ஒரு மாஸ்க். அதற்காக ஒரு குடும்பம் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய மெஷின் தூசி படிந்து கிடப்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

எந்த முகத்துக்கு எது

மாஸ்க்கில் மூன்று பெரிய வகைகள் உண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஒன்று. மூக்கை மட்டும் மூடுவது இன்னொன்று. மூன்றாவது, நாசித் துவாரங்களின் வாசலில் இரண்டு சிறு மெத்தைகளாக உட்காருவது.

வாயோடு சேர்த்து மூடுவதைத்தான் பலருக்கு முதலில் போட்டுவிடுகிறார்கள். பெரிதாக இருப்பதால் அதுவே நல்லது என்ற எண்ணம் நோயாளிக்கும் உண்டு. ஆனால் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், பொதுவாக மூக்கு வழி மாஸ்க்குகளையே முதலில் பரிந்துரைக்கிறது. பெரிய மாஸ்க்கில் முகத்தோடு ஒட்ட வேண்டிய விளிம்பு நீளம், காற்றுக் கசிவும் கூடும். அதன் பட்டி தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் நாக்கும் பின்னால் போகும். பாதையைத் திறக்க இன்னும் கூடிய அழுத்தம் தேவைப்படும். மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். அவர்களும் முதலில் மூக்கடைப்புக்கு வைத்தியம் பார்க்கலாம்; விறகடுப்புப் புகையில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு மூக்கு எப்படித் திறக்கும்?

மீசைக்காரர்களுக்கும், மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று பயப்படுகிறவர்களுக்கும் நாசி வாசல் மெத்தை பெரும்பாலும் பிடித்துவிடும். முகத்தில் எதுவும் கவிழ்ந்திருக்காது, கண் முன்னால் எதுவும் தெரியாது. அழுத்தம் மிகவும் கூட வேண்டியவர்களுக்கு மட்டும் துவாரம் எரியலாம். அவர்களுக்கு மூக்கை மூடும் மாஸ்க் நல்லது.

மூக்குத்தி போட்ட பெண்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை. மூக்குத்திக்கு மேல் சிலிக்கோன் விளிம்பு உட்கார்ந்தால் ஒரு பக்கம் கசியும், மறுபக்கம் புண்ணாகும். இரவில் மட்டும் கழற்றி வைக்க மனமிருந்தால் பிரச்சினை தீர்ந்தது. கழற்றமாட்டேன் என்பவருக்கு மூக்குத்தியையும் உள்ளடக்கி விளிம்பு வெளியே படியும் அளவு வேண்டும். கொண்டை போட்டுப் படுத்தால் தலைப்பட்டி நழுவும், தளர்வாகப் பின்னிக்கொள்ளலாம்.

எண்ணெய் இன்னொரு எதிரி. தேங்காயெண்ணெய் முகத்தில் பட்டிருந்தால் சிலிக்கோன் வழுக்கும், நாளடைவில் கெட்டும் போகும். படுக்கப் போகும் முன் சவர்க்காரம் போட்டு முகம் கழுவுங்கள். புண்ணுக்கு வாஸ்லின் தடவுவதும் வேண்டாம். வியர்வை கடித்தால், மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பழைய பருத்தித் துணியை ஒரு மடிப்பு மட்டும் வைத்துப் பாருங்கள். மாஸ்க்கின் முன்பக்கத்துச் சிறு துளைகளை எக்காரணத்துக்கும் மூடிவிடாதீர்கள். நாம் விடும் கெட்ட காற்று வெளியேறும் வழி அதுதான்.

மாஸ்க்கை உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து முடிவு செய்வது பலரும் செய்யும் பிழை. படுத்தால் முகத்தின் சதை இடம் மாறும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, அதன்பிறகு பட்டியைச் சரிசெய்ய வேண்டும். கசிகிறது என்று இறுக்கிக்கொண்டே போனால் மெத்தை நசுங்கி இன்னும் கசியும். பழகுவதற்கு, பகலில் ரீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு இருங்கள். முதலில் மாஸ்க் மட்டும், பிறகு காற்றோடு.

சில மாஸ்க்குகளின் பட்டியில் காந்தக் கொளுவி இருக்கும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவரோ, தலைக்குள் உலோகக் கிளிப் உள்ளவரோ உங்கள் வீட்டில் இருந்தால் அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும்.

மழை, புகை, மின்வெட்டு

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. காற்றே ஈரம். மெஷினோடு வரும் சூடாக்கும் தண்ணீர்த் தொட்டி குளிர்நாட்டு வறண்ட காற்றுக்கு அவசியம். இங்கே பலருக்கு அது இல்லாமலே சரிவரும். தொட்டியைப் போட்டால் குளிர்ந்த இரவில் குழாய்க்குள் தண்ணீர் கோர்த்து மூக்கில் சொட்டும். போடுவதானால் காய்ச்சி வடித்த தண்ணீர், நாளுக்கு நாள் புதிதாக. மெத்தையைக் காலையில் இளஞ்சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். அடைமழைக் காலத்தில் காயாத மெத்தையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் கைவசம் இன்னொன்று இருப்பது நல்லது. காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். அடுப்புப் புகை அங்கேதான் படியும்.

தொட்டி இல்லாமல் ஓடும் மெஷினுக்குப் பொதுவாக 30 முதல் 60 வோட் போதும். எட்டு மணித்தியாலத்துக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். இடி மின்னலுக்கு லைன் விழுவது மலையடிவாரத்தில் எப்போதும் உள்ளது. 12 வோல்ட் பெட்டரியில் ஓடக்கூடிய மெஷினா என்று வாங்கும்போதே கேளுங்கள். கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். வாய் மூடும் மாஸ்க்கில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் வால்வு உண்டு. மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்தே இருக்கிறது.

மாஸ்க்கே முடியாது என்கிறவர்களுக்கு

இலேசான, நடுத்தர நோய்க்குப் பல் வைத்தியர் செய்துதரும் தாடைக் கருவி உண்டு. மேல், கீழ்ப் பல் வரிசைகளில் பொருத்தி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னால் இழுத்து வைக்கும். அதைப் பிடித்துக்கொள்ள உறுதியான பற்கள் வேண்டும். வெற்றிலை பாக்கு நெடுங்காலம் போட்டு வாய் இறுகி, இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் சரிவராது. வாய் இறுகுவது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. கருவியை விட்டுவிட்டு அதை முதலில் காட்ட வேண்டும்.

மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சடைக்கிறவர்களும் கணிசம். பனியனின் முதுகுப் பக்கத்தில் பை தைத்து, பிள்ளைகள் லயத்து வாசலில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்தை உள்ளே வைப்பது பழைய உத்தி. புரண்டால் குத்தும், உடம்பு தானாக ஒருக்களிக்கும். பலர் சில மாதத்தில் விட்டுவிடுகிறார்கள் என்றாலும் செலவில்லாதது.

எடையும் பேசும். 2000இல் வெளியான விஸ்கொன்சின் ஆய்வில் எடை 10 வீதம் கூடியவர்களுக்கு மூச்சடைப்பு 32 வீதம் கூடியது. 10 வீதம் குறைந்தவர்களுக்கு 26 வீதம் குறைந்தது. சாராயமும் கசிப்பும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், அசதிக்கு என்று படுக்கும் முன் ஊற்றிக்கொள்வது இந்த நோய்க்கு எண்ணெய் வார்ப்பது. தொண்டை, நாக்குத் தசைப் பயிற்சிகளுக்கும் பலன் உண்டு. அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை நான்கு மாதம் பழகியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாக 2006இல் ஒரு சுவிஸ் ஆய்வு சொன்னது. நம் திருவிழாக்களில் மணிக்கணக்காக நாதஸ்வரம் ஊதுகிறவர்களின் தொண்டையை யாராவது அப்படி ஆராய்ந்தால் எனக்குப் படிக்க ஆசை.

நோய் கடுமை என்று சொல்லப்பட்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மெஷினை நிறுத்திவிட்டு இவற்றுக்கு மாற வேண்டாம்.

கிளினிக் நாளில்

தோட்ட டிஸ்பென்சரியில் வைத்தியத்தைத் தொடங்கலாம், ஆனால் அது அங்கேயே முடிந்துவிடாது. இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளின் நெஞ்சு நோய்க் கிளினிக்குக்கோ காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கோ கடிதம் கேளுங்கள். தூக்கப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவது என்று அவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிப் போங்கள். குறட்டை நின்று திணறுவதை போனில் பதிந்து கொண்டுபோனால் இன்னும் நல்லது.

சிங்களம் சரளமாகப் பேசுகிற நம் ஆட்கள்கூட மெஷின் விஷயம் வந்தால் "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால், கிளினிக் கொப்பியோடு அதையும் மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கசியும் இடத்தையும் புண்ணான இடத்தையும் விரல் வைத்துக் காட்டுங்கள். வேறு அளவு இருக்கிறதா, வேறு வகை இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தால், வெட்கப்படாமல் அங்கேயே ஒரு கட்டிலில் படுத்துப் போட்டுப் பாருங்கள்.