வயலினில் இரண்டு குதிரைகள்!

குட்டீஸ்! வயலினுக்குள் குதிரை இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஒன்றல்ல, இரண்டு!

கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டைப் பார்த்திருப்பீர்கள். வீணையானாலும் வயலினானாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் 'குதிரை'தான். நான்கு கம்பிகளையும் முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறதே! இது முதல் குதிரை.

இரண்டாவது, நிஜக் குதிரை. அதன் வால் முடியைத்தான் வயலின் வில்லில் கட்டியிருக்கிறார்கள். நைலானும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகும் எதற்குக் குதிரை வால்? வாருங்கள், பார்ப்போம்.

பண்பொழியும் தந்த வயலினும்

தென்காசி மாவட்டத்தில், திருமலைக்கோயில் முருகன் இருக்கும் மலையின் அடிவாரத்தில் உள்ள அழகான ஊர் பண்பொழி. 1956-ஆம் ஆண்டில் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை, செங்கோட்டை வட்டாரத்தோடு இந்த ஊரும் திருவிதாங்கூர் பகுதியில்தான் இருந்தது.

அந்தத் திருவிதாங்கூரை 19-ஆம் நூற்றாண்டில் ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. இவரே பெரிய இசை மேதை. தஞ்சாவூரிலிருந்து வந்து இவரது அரசவையில் இருந்த வடிவேலு, வயலின் வாசிப்பதில் வல்லவர். அவருக்கு 1834-ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தால் ஆன வயலினை மகாராஜா பரிசளித்தார்.

இந்தப் பக்கம் எட்டயபுரம் அரண்மனையிலும் ஒரு வயலின் மேதை இருந்தார். அவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வெள்ளைக்காரர்களின் வாத்தியமான வயலினைச் சென்னையில் கற்று, அதில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய முன்னோடி இவர்.

நம்மவர்கள் வயலினைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கப் பழகினார்கள். சுருதி சேர்க்கும் முறையையும் மாற்றினார்கள். ஆனால், வில்லையும் அதிலுள்ள குதிரை முடியையும் மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்!

200 முடிகள்

வயலின் வில் சுமார் 75 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை 60 கிராம்தான். அதில் ஏறக்குறைய 150 முதல் 200 முடிகள், ரிப்பன் மாதிரி பக்கம் பக்கமாக இருக்கும். முடிக்கற்றையின் இரு முனைகளிலும் நூலால் இறுக்கிக் கட்டி, வில்லில் உள்ள சின்னக் குழிகளில் வைத்து, மர ஆப்பு அடித்து நிறுத்துவார்கள்.

மங்கோலியா, சீனா, சைபீரியா போன்ற குளிர்ப் பிரதேசங்களிலிருந்து இந்த முடி வருகிறது. பெரும்பாலும் இறந்த குதிரைகளின் வால்தான். அதைக் கழுவி, சீவி, வளைந்ததையும் உடைந்ததையும் கழித்து, நீளவாரியாகப் பிரிப்பார்கள். ஆண் குதிரையின் முடிக்குத்தான் மவுசு அதிகம். பெண் குதிரையின் வாலில் அடிக்கடி சிறுநீர் படுவதால் முடி பாழாகிவிடுமாம்!

நம் தலைமுடியைக் கட்டினால் என்ன என்று கேட்கிறீர்களா? அது மிகவும் மெல்லியது. குதிரையின் வால் முடி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தடிமன். நீளமும் உறுதியும் சேர்ந்து இருப்பதால்தான் அது வில்லுக்குப் பொருந்துகிறது.

முடி மட்டும் பாடாது!

முடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் தெரியும். இவைதான் கம்பியைப் பிடித்து இழுக்கின்றன என்று பலரும் சொல்வார்கள். ஆனால், புதிதாக முடி கட்டிய வில்லை அப்படியே கம்பியில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். சத்தமே வராது!

உண்மையான ரகசியம் 'ரோசின்' என்ற கட்டியில் இருக்கிறது. பைன் மரத்திலிருந்து வடியும் பிசினைக் காய்ச்சி டர்பன்டைன் எண்ணெய் எடுத்த பிறகு, மிஞ்சுவதுதான் ரோசின். பனங்கற்கண்டு நிறத்தில் இருக்கும் இதை முடியில் தேய்த்ததும், முடிக்குப் பிடிமானம் வந்துவிடும்.

இதனால்தான் வில்லின் முடியைக் கையால் தொடக் கூடாது என்று வாத்தியார்கள் கண்டிப்பார்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் ரோசின் ஒட்டாது.

பிடி... விடு... பிடி... விடு!

வில்லை இழுக்கும்போது, ரோசின் பூசிய முடி கம்பியைப் பிடித்துத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. கம்பி ஓரளவுதான் வளையும். அதற்கு மேல் பிடி விட்டுப்போய், 'விருட்'டென்று பின்னால் சறுக்குகிறது. உடனே முடி மறுபடியும் பிடிக்கிறது. கம்பி ஒரு விநாடிக்கு 300 முறை அதிர்ந்தால், இந்தப் 'பிடி-விடு' விளையாட்டும் 300 முறை நடக்கும்! நம் காதுக்கு அது ஒரே இழையாக, இனிமையான நாதமாகக் கேட்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, விரலை நனைத்து, மெல்லிய கண்ணாடி டம்ளரின் விளிம்பில் மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். 'ம்ம்ம்' என்று பாடும்! அங்கேயும் பிடி-விடுதான். பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். விரிசல் விட்ட டம்ளர் வேண்டாம்.

சர்.சி.வி. ராமனின் வயலின் இயந்திரம்

திருச்சி பக்கத்துத் திருவானைக்காவலில் பிறந்த சர்.சி.வி. ராமனை உங்களுக்குத் தெரியும். ஒளி பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். அதற்கு முன்பே அவர் வயலின் வில்லை ஆராய்ந்தார் என்பது தெரியுமா? வில் பட்ட கம்பி எப்படி அசைகிறது என்று 1918-ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டு விரிவாக எழுதினார்.

கையால் வாசித்தால் வேகமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்குமே! அதனால் வயலின் வாசிக்க ஓர் இயந்திரம் செய்தார். அதில் வில் அசையாமல் இருக்கும். வயலின்தான் முன்னும் பின்னும் போகும்! வில்லைக் குதிரைக்கு அருகில் கொண்டுபோகப் போக, அதிக அழுத்தம் தேவை என்று அளந்து காட்டினார். எந்தக் குதிரை என்று புரிகிறதா? மரக்குதிரை!

சாரல் வந்தால் முடி நீளும்

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாட்களில் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் பட்டால் முடி சற்று நீளும், காய்ந்தால் சுருங்கும். எனவே சாரல் காலத்தில் வில் தொளதொளத்துப் போகும். வில்லின் அடியில் உள்ள திருகைத் திருகி முடியை இறுக்கிக்கொள்வார்கள். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால், காற்று காயும்போது முடி சுருங்கி, வில் வளைந்து கெட்டுவிடும்.

இன்னோர் எதிரியும் உண்டு. நாள்கணக்கில் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சின்னப் பூச்சிகள் முடியைக் கடித்துத் தின்றுவிடும். அடிக்கடி வாசிப்பதுதான் இதற்கு நல்ல மருந்து!

இப்போது செயற்கை முடியும் கடைகளில் கிடைக்கிறது. ஆனாலும் வித்வான்களில் பெரும்பாலோர் குதிரை முடியைத்தான் விரும்புகிறார்கள்.

அடுத்த முறை கச்சேரிக்குப் போனால், முன்வரிசையில் உட்காருங்கள். மரக்குதிரைக்குப் பக்கத்தில், கம்பிகளுக்குக் கீழே வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அது தூசி அல்ல, குட்டீஸ்! பிடித்தும் விட்டும் பாடிய முடியிலிருந்து உதிர்ந்த ரோசின்!