காலையில் புளிக்கும் ரணகள்ளி

மாடித் தோட்டங்களிலும் வாசல் ஓரத் தொட்டிகளிலும் அழகுக்காக வளர்க்கப்படும் ரணகள்ளி, மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டு வெப்ப நாடுகள் எங்கும் பரவிய செடியாகும். அதன் தடித்த இலையின் விளிம்பில் பற்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் உறங்குமொட்டு இருப்பதால், பறித்த இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் சில நாட்களில் அப்பள்ளங்களிலிருந்து மயிரிழை போன்ற வேர்களும் இணை இணையாகச் சிற்றிலைகளும் கிளம்பிவிடும். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று மக்கள் இதை அழைப்பது இதனால்தான். ஜெர்மானியக் கவிஞர் கதே இதில் மனம் பறிகொடுத்து நண்பர்களுக்கெல்லாம் கன்றுகளை அனுப்பியதால், அந்நாட்டில் இச்செடி அவர் பெயராலேயே வழங்குகிறது.

நாட்டு வைத்தியத்தில் இலையை வாட்டியும் அரைத்தும் புண்ணிலும் கட்டியிலும் வைத்துக் கட்டுவதுண்டு. ஆயினும் தமிழ்நாட்டில் இன்று இது பெயர் பெற்றிருப்பது சிறுநீரகக் கல்லுக்காகவே. காலையில் வெறும் வயிற்றில் இலையை மென்று தின்னச் சொல்வர்.

அந்த ‘காலையில்’ என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மொரேவிய சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், இவ்விலை காலையில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதை நாவால் அறிந்து எழுதிய கடிதம் 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. இந்தச் சுவை மாற்றத்துக்குக் காரணம், செடி காற்றை உட்கொள்ளும் முறையே. வறண்ட நிலத்துச் செடியான ரணகள்ளி, நீர் ஆவியாகி வீணாகாதிருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து, உள்ளே வரும் கரியமில வாயுவை, ஆப்பிளில் உள்ள அதே மாலிக் அமிலமாக்கிச் சேமித்து வைக்கிறது; வெயில் ஏறியதும் அவ்வமிலம் சிதைந்து வாயுவை விடுவிக்க, அதைக் கொண்டு மூடிய இலைக்குள்ளேயே உணவு தயாராகிறது. கற்றாழையும் அன்னாசியும் கூட இவ்வழியையே பின்பற்றுகின்றன.

ஆகவே காலையில் தின்பவர் புளிப்பு உச்சத்தில் இருக்கும் இலையையே தின்கிறார். அதனால் மட்டும் கல் கரைந்துவிடும் என்று முடிவுகட்டுவது அவசரம். மேலும் இவ்விலையில் பியூஃபாடையீனோலைடு என்னும் பொருட்களும் உள்ளன. தேரையின் நஞ்சில் காணப்படும் இவ்வகைப் பொருட்கள், டிஜாக்சின் மாத்திரையைப் போல இதயத் துடிப்பையே மாற்றக்கூடியவை என்பதால், இதய நோயாளிகள் இவ்விலையைத் தாமாகவே உண்பது ஆபத்தாகும். ஆஸ்திரேலியாவில் ரணகள்ளியும் அதன் இனச்செடிகளும் மேய்ச்சல் நிலங்களில் களையாகப் பரவியிருக்கின்றன; நஞ்சு பூக்களில் மிகுந்திருப்பதால், பூக்கும் பருவத்தில்தான் அங்கு மாடுகள் அதிகம் மடிகின்றன.